ஷரீபாவின் சம்மதம்

என் சின்னம்மா யாரையும் தொடுவதற்கு முன்னால் கையைச் சூடு பண்ணிக்கொள்வாள். முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்ப்பாள், அவசரமில்லாமல், எண்ணெய் தடவுகிற மாதிரி. பிறகு வலது கையைத் தன் கழுத்தடியில் வைத்துப் பார்ப்பாள். சில்லென்று இருந்தால் முகம் லேசாகச் சுளியும். கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எதிரே படுத்திருக்கிறவளிடம் நேற்று என்ன குழம்பு, மாமியார் எப்படி என்று பேச்சுக் கொடுப்பாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை வயிற்றின்மேல் வந்திருக்கும். எப்போது வந்தது என்று எந்தப் பெண்ணாலும் சொல்ல முடியாது.

அவள் பெயர் ஷரீபா. என் அம்மா ஷரபுன்னிசாவின் தங்கை. திருச்சி நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. கிறிஸ்தவக் கன்னியர் நடத்துகிற ஒரு ஆஸ்பத்திரியில் அவள் மிட்வைஃப். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது வயது தாண்டிவிட்டது. இனி யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது இது. அம்மா சொன்னதையும், ஜட்கா வண்டிக்கார மீரான் சொன்னதையும், சின்னம்மாவே மூன்று பேர் குரலில் நடித்துக் காட்டியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கல்யாணம் வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள். தர்காவில் தாயத்து கட்டி வந்தார்கள். தாயத்தோடேயே அவள் டியூட்டிக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் இருந்த வயதான கன்னியர் சிலர், இந்தப் பெண்ணுக்குத் தேவ அழைத்தல் வந்திருக்கிறது, சீக்கிரம் ஞானஸ்நானம் கேட்பாள் என்று ரகசியமாக ஜெபித்தார்கள். ஆயா பொன்னுத்தாய் லால்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அவள் கணக்கே வேறு.

"கன்னியா செத்துப்போனா எங்க ஊர்ல சாமியாக்கிடுவாங்க நர்ஸம்மா. ஆடியில பொங்கல், சித்தாடை எல்லாம் உண்டு. நீங்க போனா நானே ஒரு கல்லு நட்டுடறேன், கவலைப்படாதீங்க."

"பொங்கலை அப்புறம் வெச்சுக்கலாம் பொன்னுத்தாயி. இப்ப உசுரோட இருக்கேன், ஒரு வாய் காப்பி கொண்டா."

வசன கவிதை எழுதுகிறவர்களும் கன்னி என்றதும் நிலா, மல்லிகை, ஏக்கம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சின்னம்மாவுக்கு ஏக்கம் எதுவும் இருந்ததாக நான் கண்டதில்லை. காதல் தோல்வியும் இல்லை. ஏன் என்று கேட்டால், "வேலை பிடிச்சிருக்கு. ராத்திரி தனியா படுத்துத் தூங்கவும் பிடிச்சிருக்கு" என்பாள். அவ்வளவுதான். அந்த வேலையில் இருக்கவேண்டுமானால் கல்யாணம் ஆகாமல் இருக்கவேண்டும். தாலியோ கருகமணியோ கழுத்தில் ஏறினால் மறுமாதம் வேறு ஆள் வருவாள். அது ஆஸ்பத்திரியின் விதி.

அங்கே இன்னொரு விதியும் இருந்தது. அது இன்னும் விசித்திரமானது. கன்னியர்கள் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார்கள், புண் கழுவுவார்கள், பிணத்துக்குக் கண்ணை மூடிவிடுவார்கள். பிரசவம் மட்டும் பார்க்கக் கூடாது. கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு அது அந்த நாளில் திருச்சபை விலக்கி வைத்திருந்த காரியம். பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்த சிஸ்டர் லூசி பிரசவ வைத்தியப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் கையால் ஒரு குழந்தையையும் வாங்கியதில்லை. திரைக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சின்னம்மா உள்ளே. "தலை எங்கே இருக்கிறது?" என்பார் சிஸ்டர். சின்னம்மா சொல்லுவாள். வார்த்தைப்பாடு கொடுக்காத கன்னி ஒருத்தி அவர்களுக்குத் தேவையாக இருந்தது. அவள் ஒரு துலுக்க வீட்டுப் பெண்ணாக அமைந்துபோனாள்.

என் நன்னா, அதாவது அம்மாவைப் பெற்ற அத்தா, ஹபீபுல்லா. செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுகிற பட்டறை வைத்திருந்தார். நல்ல மனிதர், கோபக்காரர் இல்லை, அதுதான் கஷ்டம். கோபக்காரராக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். அவர் சாப்பிட உட்காருவார், இரண்டு பிடி சோற்றோடு கையை உதறுவார்.

"மஹ்ஷர்ல, அந்தத் தீர்ப்பு நாள்ல, என்னை நிறுத்திக் கேப்பாங்க, வயசு வந்த பொண்ணை ஏன்டா வீட்டோட வெச்சிருந்தேன்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

ஊருக்கெல்லாம் வாய் பேசுகிறவள் அத்தாவின் முகத்துக்கு நேரே ஒரு சொல் எதிர்த்துச் சொன்னதில்லை.

தென்னூரில் தோல் மண்டி வைத்திருந்த காஜா மைதீன் என்பவருக்குப் பேச்சு வந்தது. மனைவியை இழந்தவர், முப்பது வயதுக்காரர், குறை சொல்ல ஒன்றுமில்லை. நன்னா பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வீட்டுக்கு அழைத்து வந்தார், மகளுக்கு நாலு வார்த்தை சொல்ல. திரைக்கு அந்தப் பக்கம் சின்னம்மாவும் அம்மாவும்.

"ஷரீபாம்மா, நம்ம தீன்ல, இந்த மார்க்கத்துல, துறவு கிடையாது. தெரியும்ல?"

"தெரியும் ஹஜ்ரத்."

"நிக்காஹ் தீன்ல பாதி. அதுவும் தெரியும்ல?"

"தெரியும் ஹஜ்ரத். ஆனா நான் துறவு போகலையே. கறிச்சோறு ஆக்கினா முதல் தட்டு என்னோடது. அத்தர் பூசுறேன். பெருநாளைக்குப் பட்டு வேணும்னு சண்டை போடுறேன். வேணும்னா அக்காகிட்ட கேளுங்க."

"நெசம்தான் ஹஜ்ரத்," என்றாள் என் அம்மா. "போன பெருநாளைக்கு என் ரவிக்கைத் துணியையும் இவதான் எடுத்துக்கிட்டா."

ஹஜ்ரத் தாடிக்குள் சிரித்தார். "அப்புறம் என்னதாம்மா குறை?"

"குறை ஒண்ணும் இல்லீங்க. அதைத்தான் சொல்றேன், யாரும் நம்பமாட்டேங்கிறாங்க."

கிளம்பும்போது ஹஜ்ரத் வாசலில் நின்று நன்னாவிடம் சொன்னார்: "பாய், பொண்ணு சம்மதம் இல்லாம நிக்காஹ் செல்லாது. அதை மறந்துடாதீங்க. கன்னிப்பொண்ணு வாயைத் திறந்து சொல்லணும்னுகூட இல்லை. கேட்டதும் பேசாம இருந்தாலே போதும். வெட்கம் இருக்கும்ல, மௌனமே சம்மதம்."

நன்னா அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிச்சயம் என்று தென்னூருக்குச் சொல்லி அனுப்பினார். எங்கள் பக்கத்தில் நிச்சயத்தன்றே பெண்ணின் அத்தா உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து சபையில் சொல்லுவார். கேட்பது என்றால் பேருக்குக் கேட்பது. எந்தப் பெண்ணும் பேசமாட்டாள். எந்த அத்தாவும் 'சம்மதம்' என்பதைத் தவிர வேறு சொல் கொண்டுவந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் மீரானின் ஜட்கா வாசலில் நின்றது. வண்டிக்குள் சிஸ்டர் லூசி. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் கோயில் கைங்கரியக்காரர் வீட்டு மருமகள் முந்தின நாளிலிருந்து வலியில் கிடக்கிறாள், வழக்கமாக வரும் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சின்னம்மா நன்னாவைப் பார்த்தாள். நன்னா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அஸருக்குள்ள வந்துடு" என்றார்.

காவேரிப் பாலம் தாண்டிப் போய் இறங்கினால், கொல்லைப்புறத்து அறை வாசலில் மாமியார்க்கார அம்மாள் வழி மறித்து நின்றாள். துலுக்கப் பெண் என்பது அங்கே பெரிய தடையாக இல்லை. பிரசவ அறை ஏற்கெனவே தீட்டு. உள்ளே போன எல்லோருக்கும் எப்படியும் ஸ்நானம்தான். கேள்வி வேறு இடத்திலிருந்து வந்தது.

"நோக்குக் கல்யாணம் ஆயிடுத்தோ?"

"இல்லீங்க மாமி."

"ஐயையோ! கன்னிப்பொண்ணு பிரசவ உள்ளுக்குள்ள வரப்படாதுடீ. நோக்கும் ஆகாது, அவளுக்கும் ஆகாது." மாமியின் பார்வை சிஸ்டர் மேல் போயிற்று. "இவாளுக்கு?"

சிஸ்டர் விரலில் இருந்த மோதிரத்தைக் காட்டினார். அவருடைய தமிழ் மாதா கோயில் பிரசங்கத் தமிழ். "நான் சேசுவுக்கு வாழ்க்கைப்பட்டவள், அம்மா."

"பேஷ்! எங்களவாள்லயும் பெருமாளையே வரிச்சவா உண்டு. அப்போ நீங்க நித்ய சுமங்கலி. நீங்க உள்ளே வாங்கோ."

"மன்னியுங்கள் அம்மா. நான் கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தவள். பிரசவம் பார்க்க எனக்கு அனுமதி இல்லை."

மாமி தலையில் அடித்துக்கொண்டாள். "கல்யாணம் ஆனவா பாக்கமாட்டாளாம். பாக்கத் தெரிஞ்சவளுக்குக் கல்யாணம் ஆகலையாம். ரங்கா, இது என்ன சோதனை!"

உள்ளே மருமகள் அலறினாள். மாமி கெட்டவள் இல்லை. அலறலைக் கேட்டு அவளும் ரங்கா ரங்கா என்று அரற்றினாள். அந்தப் பதற்றத்தில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது.

"கொல்லையில வாழை நிக்கறது. தோஷம் இருக்கறவாளுக்குப் பண்ற மாதிரி, அதுக்கு ஒரு மஞ்சக் கயித்தைக் கட்டி உன்னையும் பக்கத்துல நிறுத்திட்டு, உடனே மரத்தை வெட்டிடலாம். ஒரு நாழியாகாது."

"ஏன் மாமி, ஒரு நாழியில எனக்குத் தாலியும் கட்டி அறுத்தும் விடுறீங்களே! எங்க அத்தா கையும் காலுமா ஒரு மாப்பிள்ளை பார்த்து வெச்சிருக்காங்க, அவரையே கட்டிக்க மனசு வரலை. மரத்தையா கட்டிக்கப் போறேன்? நான் கலிமா சொன்னவ. நேரம் போகுது மாமி, வழி விடுங்க."

மாமி அசையவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கை மாமியின் தோளைத் தொட்டது. வீட்டுக்காரரின் அத்தை, செங்கமலம். கழுத்திலும் கையிலும் ஒன்றுமில்லாத, நார்மடிப் புடவை கட்டிய கைம்பெண். கேட்டால் ஒழிய பேசாதவள் என்று பிற்பாடு சொன்னார்கள்.

"இந்தாத்துல எத்தனை பிரசவத்துக்கு நான் கூட இருந்திருக்கேன்? உன் பிள்ளையைக் கையில வாங்கினது யாரு?"

"நீங்கதான் அத்தை. அதுக்கென்ன இப்போ?"

"ஒம்பது வயசுல கட்டினா. பதினொண்ணுல போயிட்டார். அவர் முகம்கூட நேக்கு நன்னா ஞாபகமில்லே. நான் என்ன தெரிஞ்சவ? இந்தப் பொண்ணு எப்படியோ அப்படித்தான் நானும். ஒருநாள் கயிறு கட்டிண்டேன்னுதானே என்னை உள்ளே விட்டேள்? பகவானுக்கு அந்தக் கயிறா தெரியும்?"

மாமி ஒரு அடி விலகினாள். செங்கமலம் சின்னம்மாவின் கையைப் பிடித்து, எல்லோர் முன்னாலும், உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

குழந்தை குறுக்கே கிடந்தது. நல்லவேளை, நீர்க்குடம் உடையவில்லை. வலி ஓய்ந்த இடைவெளியில் வெளியிலிருந்தே வயிற்றை அணைத்து, தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவர வேண்டும். அடுத்த வலி வந்ததும் கையை எடுக்காமல் அப்படியே பிடித்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே சிஸ்டர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். நடுநடுவே, "இப்போது எங்கே?" "இடுப்புக்கு மேலே, சிஸ்டர்." "அவசரப்படாதே." செங்கமலம் மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பெருமாள் நாமம் சொன்னாள். சின்னம்மா வாய்க்குள் பிஸ்மி சொன்னாள். மூன்று பேருமே பிள்ளை பெறாதவர்கள், பெறப்போகாதவர்கள். வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்த பிறகு குழந்தை அழுதது. பெண். மாமி ஓடிவந்து எட்டிப்பார்த்து, "மூக்கு எங்காத்து மூக்கு!" என்றாள். அதற்கப்புறம் கல்யாணப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

மீரான் குதிரையை விரட்டிக்கொண்டு வந்தும் தெருவுக்குள் நுழையும்போது அஸர் தொழுகை முடிந்துவிட்டது. கூடத்தில் பாய் விரித்துத் தென்னூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சின்னம்மா சந்து வழியாகப் பின்பக்கம் போய், குளித்து, தொழுது, உள்ளறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என் அம்மா தலையில் பூவோடு வந்து பார்க்கும்போது அவள் கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது.

இதற்குள் வாசலில் மீரான் நன்னாவைப் பிடித்துக்கொண்டு விட்டார். வாழை மரம் முதல் மூக்கு வரை ஒன்று விடாமல் சொன்னார். நன்னா தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார் என்று மீரான் சொல்லுவார்.

பிறகு கேட்க வேண்டிய நேரம் வந்தது. நன்னா உள்ளே போனார். மகள் முன்னால் குனிந்து நின்றார். பெண்கள் கதவோரம் கூடிவிட்டார்கள்.

"பேசாம இருக்கா பாருங்க. போய்ச் சம்மதம்னு சொல்லுங்க பாய்," என்றாள் ஒருத்தி.

நன்னா வெளியே வந்தார். "பொண்ணு தூங்குறா. கொஞ்சம் பொறுங்க."

மாப்பிள்ளையின் பெரியத்தா ஹனீஃபா சிரித்தார். "பேசலைல்ல? அப்புறம் என்ன? கன்னிப்பொண்ணு மௌனம் சம்மதம்தானே ஹஜ்ரத்?"

ஹஜ்ரத் நன்னாவைப் பார்த்தார். "சட்டம் அப்படித்தான்."

அந்த வீட்டில் நன்னா குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது என்று அம்மா சொல்லுவாள்.

"மௌனம்னா கேட்டுட்டுப் பேசாம இருக்கிறது ஹஜ்ரத். என் மக கேக்கவே இல்லை. விடியக்காலைல போனவ. ரெண்டு உசுரைக் காப்பாத்திட்டு வந்து உக்காந்திருக்கா. தூங்குறவ வாயிலேருந்து நான் சம்மதம் திருடமாட்டேன். அவ எந்திரிக்கட்டும்."

"எவ்வளவு நேரம் பாய்?"

"எந்திரிக்கிற வரைக்கும்."

சர்பத் வந்தது. மறுபடி சர்பத் வந்தது. ஹனீஃபா முட்டியை மாற்றி மாற்றி உட்கார்ந்தார். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். எல்லோரும் எழுந்து போய்த் தொழுதுவிட்டு வந்து மறுபடி அதே பாயில் உட்கார்ந்தார்கள். நன்னா உள்ளே போனார். சின்னம்மா கண்ணைத் திறந்தாள்.

நன்னா பேருக்குக் கேட்கவில்லை. மாப்பிள்ளை பெயர், ஊர், தொழில் எல்லாம் சொல்லி, "இவரைக் கட்டிக்க உனக்குச் சம்மதமாம்மா? இல்லைன்னாலும் சொல்லு. எந்தச் சொல்லா இருந்தாலும் அதை அப்படியே கொண்டுபோய்ச் சொல்றதுதான் என் வேலை" என்றார்.

"வேண்டாம் அத்தா."

"சரிம்மா."

கூடத்துக்கு வந்து நின்றார். "என் மகளுக்குச் சம்மதம் இல்லீங்க." தலை நிமிர்ந்தே இருந்தது. எங்கள் தெருவில் அந்தச் சொல்லை உள்ளேயிருந்து சபைக்குக் கொண்டுவந்த முதல் அத்தா அவர்தான்.

ஹனீஃபா எழுந்து கத்தத் தொடங்கினார். அவரை உட்காரவைத்தது மாப்பிள்ளையேதான். "விடுங்க பெரியத்தா. இன்னிக்கே சொன்னாங்களே. கட்டிக்கிட்ட பிறகு சொல்லியிருந்தா என் கதி என்ன?" என்று காஜா மைதீன் சிரித்துவிட்டு, நன்னாவிடம் ஸலாம் சொல்லிப் புறப்பட்டார். ஹஜ்ரத் கடைசியாக எழுந்தார். "மஹ்ஷர்ல கேட்டா, நீங்க கேட்டீங்கன்னு சொல்லலாம் பாய்," என்றார்.

அதற்குப் பிறகு நன்னா சோற்றில் கையை உதறியதில்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடம் பட்டை தீட்டிய கல்லைக் காட்டுவார். பேச்சு முடிவதற்குள் எப்படியாவது, "எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, ஸ்ரீரங்கத்துக்காரங்களே வண்டி அனுப்பிக் கூட்டிட்டுப் போறாங்க" என்று கொண்டுவந்துவிடுவார். சில வருஷம் கழித்து ரோமாபுரியில், கன்னியர் பிரசவம் பார்க்கக் கூடாது என்ற விதியைத் தளர்த்தினார்கள். சிஸ்டர் லூசிக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அவர் கையில் வாங்கிய முதல் குழந்தைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது என் சின்னம்மா. திரைக்கு வெளியே அன்றைக்கு யாரும் உட்காரவில்லை.

நன்னா நாற்பத்துநாலாம் வருஷம் மௌத்தானார். போன மாதம் இதை எழுத உட்கார்ந்தபோது சின்னம்மாவிடம் ஒரு சின்னச் சந்தேகம் கேட்டேன்: அன்றைக்கு மஃரிப் வரைக்குமா தூங்கினாய், அத்தனை பேச்சுக் குரலிலும்?

"யாருடா தூங்கினது?" என்றாள்.

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"அத்தா முகத்தைப் பாத்து இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதான் கண்ணை மூடிக்கிட்டேன். மௌனம்னு எடுத்துக்கிட்டுப் போயிருந்தா கட்டிக்கிட்டிருப்பேன், வேலையை விட்டிருப்பேன். எந்திரிக்கட்டும்னு அத்தா சொன்னாங்க பாரு, அது காதுல விழுந்துச்சு. அப்புறம்தான் வாய் வந்துச்சு."

"அப்பவே எந்திரிச்சிருக்கலாமே சின்னம்மா?"

"நடுவுல ஒருதரம் உள்ள வந்து, என் மூஞ்சியில உக்காந்த ஈயை ஓட்டிட்டுப் போனாங்க. எவ்வளவு நேரம் எனக்காகக் காத்திருக்காங்கன்னு பாக்கணும்போல இருந்துச்சு."

நன்னாவுக்கு இது கடைசி வரை தெரியாது.